பீரோ வாசனை

ஜூலை 18, வெள்ளி.

ஒரு தவறு. ஒன்பதாம் தேதி குழந்தையின் ரத்தத்தை அளந்தபோது கருவியின் வெப்பநிலை முப்பது டிகிரி என்று எழுதியிருக்கிறேன். அன்று அது இருபத்தைந்தில்தான் இருந்திருக்கிறது. முந்தின நாள் வேறொருவர் மாற்றி வைத்ததை நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். குளிர்ச்சியில் நொதி மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆகவே நான் சொன்னதைவிட உண்மையான அளவு கொஞ்சம் கூடுதல். கொஞ்சம்தான். ஆனாலும் வீட்டில் எல்லோர் முன்னாலும் நான் சத்தமாகச் சொன்ன எண் அது.

துர்காதேவி எழுதியதை இன்னொரு முறை படித்தாள். ‘கொஞ்சம்தான்’ என்ற சொல்லை அடித்தாள். யோசித்துவிட்டு அதையே மறுபடி மேலே எழுதினாள்.

தங்கை சங்கீதா தலைப்பிரசவத்துக்குக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தாய்வீட்டுக்கு வந்ததும், ஆண் குழந்தை பிறந்ததும், மூன்றாம் நாளே அதற்கு மஞ்சள் தட்டி நீல விளக்கின் கீழ் கிடந்து தேறியதும் எல்லாம் சமீபத்தில்தான். அப்போது மருத்துவரிடம் கேட்டு, குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள் பெரியம்மாக்காரி துர்கா. சென்னை ஆய்வகத்தில் அளந்து பார்த்துவிட்டு, குழந்தைக்கு ஒரு நொதி மிகவும் குறைவு என்று வந்து சொன்னாள். மாப்பிள்ளை வசந்த் நம்பவில்லை. நேற்று ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் மறுபடி பார்க்கச் சொன்னான். ‘நார்மல்’ என்று வந்த அறிக்கையைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டான். அதன் கீழே கைகூப்பிக் கும்பிடும் பொம்மை ஒன்றையும் போட்டான்.

அந்தக் கும்பிடுதான் துர்காவை அரித்துக்கொண்டிருந்தது.

எட்டு வருடமாக அவள் அளப்பது அந்த ஒரே ஒரு நொதியைத்தான். சிவப்பணுவுக்குத் துருப்பிடிக்காமல் காவல் காக்கும் நொதி. அது குறைவாக உள்ளவர்கள் ஒன்றும் தெரியாமலே எண்பது வயதுவரை வாழலாம். ஆகாத மாத்திரையோ ஆகாத ரசாயனமோ உள்ளே போய்விட்டால் மட்டும் அணுக்கள் பொலபொலவென்று உடைந்து கொட்டும். மலைக்கிராமங்களுக்குப் போய் ஆயிரக்கணக்கானவர்களிடம் ரத்தம் எடுத்திருக்கிறாள். முனைவர் பட்டம் வாங்கினாள். வெளிநாட்டு இதழ்களில் அவள் பெயர் வந்தது. வீட்டில் கேட்டால், “பெரியவளா? மெட்ராசுல ரத்த டெஸ்ட் எடுக்குற எடத்துல இருக்குது” என்பார்கள். ஒரு நாளும் அவள் அதைத் திருத்தியதில்லை. இன்றைக்கு என்னவோ, அதுவும் சேர்ந்து அரித்தது.

கைப்பேசி அடித்தது. சங்கீதா.

“அக்கா, அம்மா தோட்டத்துப் பக்கம் போயிருக்குது. சீக்கிரம் சொல்லிட்றேன். கொழந்த மறுபடி மஞ்சளா இருக்கான். மூத்திரம் டீ டிகாஷன் மாதிரி போவுது. துணியெல்லாம் கறை.”

“எப்போலருந்து?”

“நேத்திலருந்து. அவரு ரிப்போர்ட்டு நார்மல்னுட்டாரா, அதான் ஒண்ணும் இருக்காதுன்னு இருந்துட்டேன். பால் குடிக்கமாட்றான்க்கா. எழுப்பினாகூட கண்ணத் தொறக்கமாட்றான்.”

துர்கா எழுந்து பையை எடுத்தாள். “இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போ. நான் வந்துக்கினே இருக்கேன்.”

“அம்மா விடமாட்டேங்குது. ஆடி மொத வெள்ளியாம், பச்சக்கொழந்தைய வெளிய எடுக்கக் கூடாதாம். வேப்பில அடிக்க ஆள் வருதாம்.”

“சங்கீதா, நான் சொல்றதக் கேளு. யாரக் கேக்காமயும்…”

“அம்மா வருது.” இணைப்பு அறுந்தது.

பூந்தமல்லியில் பஸ் ஏறினாள். உட்கார இடமில்லை. காமாட்சியம்மனைப் பார்க்கப் போகும் கூட்டம். பெண்கள் தலையெல்லாம் மல்லிகை, மடியெல்லாம் எலுமிச்சம்பழ மாலை. ஊருக்கு ஊர் கூழ் ஊற்றுகிறார்கள் என்று பஸ் நின்று நின்று போயிற்று. துர்கா அம்மாவுக்கு அடித்தாள், எடுக்கவில்லை. அப்பாவுக்கு அடித்தாள், தறிச் சத்தத்தில் அவருக்கு என்றைக்குக் கேட்டது? வசந்துக்கு அடித்தாள். மூன்றாம் மணியில் அவனே வெட்டிவிட்டான்.

பக்கத்தில் நின்ற அம்மாள், “பொறுமையா இரும்மா, அவ பாத்துக்குவா” என்றாள். யாரிடம் பேசினாலும் கத்திவிடுவோம் என்று தெரிந்ததால் துர்கா கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

என்ன உள்ளே போயிற்று? அதைத்தான் யோசித்தாள். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது சங்கீதாவின் மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஆகாத ஒன்றைக் குப்பையில் போட்டிருந்தாள். நாட்டு மருந்து கொடுக்கக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்காத குறை. அப்புறம் எதுதான் போயிற்று? ஒருவேளை எதுவுமே போகவில்லையோ? நார்மல் என்பதுதான் நிஜமோ? தவறான வெப்பநிலையில் அளந்துவிட்டு ஊரைக் கூட்டியவள் நான்தானோ?

வீட்டு வாசலிலேயே சண்டை கேட்டது.

“யாரு குடுத்தது அவளுக்கு பலாச்சுள? சொல்லுங்க மாப்ள!” அம்மா அம்சவேணியின் குரல்.

“ஒரு நாலு சுள அத்த. அவதான் கேட்டா, வாங்கினு வந்தேன். பலாப்பழம் தின்னா எந்தக் கொழந்தைக்குக் காமால வருது?”

“இந்த வீட்டுல வரும்!”

துர்கா செருப்பை உதறிவிட்டு உள்ளே போனாள். அந்த வீட்டுக்குள் பலாப்பழம் வராது. துர்காவுக்கு முன்னால் அம்சவேணிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. காமாலை கண்டு, பெயர் வைக்கும் முன்பே போய்விட்டது. பிள்ளை பெற்ற உடம்போடு பலாச்சுளை தின்றாள், அதுதான் பாலோடு போய்ப் பிள்ளையைக் கொன்றது என்று அப்போது உயிரோடிருந்த மாமியார் தெருவுக்கே கேட்கச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அம்சவேணி பலாப்பழத்தைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. தள்ளுவண்டி தெருவுக்குள் வந்தால் கதவைச் சாத்துவாள்.

தறிக்குப் பக்கத்து உத்திரத்தில் தூளி தொங்கியது. அம்சவேணியின் முகூர்த்தப் பட்டு. அப்பா குப்புசாமி தன் கல்யாணத்துக்குத் தானே நெய்த அரக்குப் பட்டு. இந்த வீட்டில் பிறக்கும் குழந்தைக்கு முதல் தூளி அதில்தான். ஆடி பிறப்பதற்குள் கட்டிவிட வேண்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் கட்டினார்கள். ஒரு முனையைத் துர்காவே பிடித்தாள்.

குழந்தை சங்கீதாவின் மடியில் கிடந்தது. துர்கா கண் இமையை விலக்கிப் பார்த்தாள். மஞ்சள். கீழிமையின் உட்புறம் வெளுத்துக் காகிதமாக இருந்தது. காலைச் சுண்டினாள். குழந்தை முகத்தைச் சுளித்தது, அழவில்லை.

“ஆட்டோவக் கூப்புடுங்க.”

“வந்துட்டாங்கப்பா மேடம்” என்றான் வசந்த். பட்டுக்கடைச் சீருடையில் இருந்தான். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் ஒரு மணி நேரம்தான் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். “நீங்க ஊசி குத்தினதுக்கு அப்புறந்தான் இத்தனையும். நல்லா இருக்குற புள்ளைல நோயத் தேடறீங்க. உங்க ஆராய்ச்சிய வேற யாரு வூட்டுப் புள்ள மேலயாவது பண்ணுங்க.”

“வசந்த், அப்புறம் திட்டுங்க. இவனுக்கு ரத்தம் கொறஞ்சுக்கினே போவுது.”

“ரிப்போர்ட்டு நார்மல்! படிச்சவங்கதான நீங்க? பெத்தவங்களுக்குத் தெரியாதா? கல்யாணமே ஆவாதவங்களுக்குக் கொழந்தையப் பத்தி இன்னா தெரியும்?”

துர்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஏதாவது சொல்வாள் என்று பார்த்தாள். அம்சவேணி புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள்.

தறிக்குழியிலிருந்து குப்புசாமி எழுந்தார். பொதுவாக வாயைத் திறக்காத மனிதர்.

“சண்டைய அப்புறமா நெய்யலாம். மொதல்ல கொழந்தையத் தூக்குங்க. நான் ஆட்டோ புடிச்சுட்டேன்.”

எதில் சுற்றுவது என்று சங்கீதா தேடினாள். அம்சவேணி தூளியை ஒரே இழுப்பில் அவிழ்த்து, அந்தப் பட்டிலேயே குழந்தையை முகம் மட்டும் தெரியச் சுருட்டி மகள் கையில் கொடுத்தாள்.

மருத்துவமனையில் பணியில் இருந்தவர் சின்ன வயதுப் பெண் மருத்துவர். குழந்தை மீது குனிந்தார். நிமிர்ந்து தும்மினார். மறுபடி குனிந்தார். மறுபடி தும்மினார்.

“இன்னாம்மா இது, கொழந்தைய பீரோவோட கொண்டாந்துட்டீங்களா?”

வசந்துகூடச் சிரித்துவிட்டான்.

துர்கா சிரிக்கவில்லை. அவளுக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. முகத்தைப் பட்டுக்குள் புதைத்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். அப்போதுதான் வந்தது. பாச்சை உருண்டை.

சனிக்கிழமைதோறும் விடுதியிலிருந்து வந்து கதவைத் திறந்ததும் அவளை ‘வா’ என்று கூப்பிடும் வாசனை. அம்மாவின் வாசனை, பண்டிகை வாசனை, கல்யாண வாசனை. அந்த ஊரில் பட்டு வைத்திருக்கும் பீரோ எல்லாவற்றிலும் அது உண்டு. அது ஒரு பொருள் என்றே துர்காவுக்குத் தோன்றியதில்லை. தன் ஆய்வேட்டில், அணுக்களை உடைக்கும் ரசாயனங்களில் ஒன்றாக, பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலீனை அவளே எழுதியிருக்கிறாள். மேடை ஏறிப் பேசியிருக்கிறாள். மலைக்கிராமத்துத் தாய்மார்களிடம் சொல்லியிருக்கிறாள். வீட்டில் தங்கையின் மாத்திரைகளைக் குடைந்துவிட்டு, அதே கையால் தூளியின் முனையைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள்.

குழந்தையை வெடுக்கென்று பட்டிலிருந்து உருவினாள். பட்டை நடைவழியில் விட்டெறிந்தாள்.

“ஏய்! என் முகூர்த்தப் பட்டுடி அது!” அம்சவேணி ஓடிப்போய் எடுத்தாள்.

“விஷம்மா அது! ஞாயித்துக்கிழமைலருந்து ராத்திரி பகலா விஷத்துல படுக்க வெச்சிருக்கோம்!”

நடைவழியில் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அம்சவேணி பட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் அடி வாங்கியவள் முகம்போல இருந்தது. சொல்லிய விதம் தவறு என்று துர்காவுக்கு உடனே தெரிந்தது. திருத்த நேரமில்லை.

குழந்தையைச் சுத்தமான பருத்தித் துணியில் போட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள். ரத்தம் பாதிக்கு இறங்கியிருந்தது. உடனே ஏற்ற வேண்டும் என்றார் மருத்துவர். பிறகு வசந்தின் கைப்பேசியில் இருந்த அறிக்கையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

“நார்மல்னு இருக்குதே. அப்போ நொதிக் குறைபாடுன்னு எப்பிடி நான் எழுதறது?”

“கேளுங்க டாக்டர், நல்லாக் கேளுங்க” என்றான் வசந்த்.

துர்கா அவன் பக்கம் திரும்பினாள். “வசந்த், உங்க கடை தீப்பிடிச்சு எரியுதுன்னு வெச்சுக்கங்க. எரிஞ்சதெல்லாம் சாம்பலாப் போச்சு. அப்ப ஒருத்தன் வந்து எரியாமக் கெடக்கற பத்துப் புடவைய மட்டும் எண்ணிப் பாத்துட்டு, ‘சரக்கு நல்லாத்தான் இருக்குது’ன்னா ஒத்துக்குவீங்களா? நேத்து இவனுக்குப் பழைய அணுவெல்லாம் ஒடஞ்சு போயிருக்கும். மிச்சம் இருக்குறது இப்பதான் பொறந்த அணுங்க. இளசு. இளசுல இந்த நொதி எப்பவுமே கொஞ்சம் தூக்கலா இருக்கும். அதத்தான் அளந்திருக்காங்க.”

மருத்துவர் தலையசைத்தார். “நடக்கக்கூடியதுதான். அப்போ ஒடையறதுக்கு முன்னாடி எடுத்த அளவு ஏதாவது இருக்குதா?”

“இருக்குது. ஒன்பதாம் தேதி நான் எடுத்தது.”

“அது போதுமே. அது சரியான அளவுதான?”

ஒரு ‘ஆமாம்’ போதும். காலையில் அந்தப் பக்கத்தைத் திறக்காமலே இருந்திருந்தால் அதைச் சொல்லியிருப்பாள். யாருக்கும் தெரியப்போவதில்லை. கொஞ்சம்தான்.

“அதுல ஒரு தப்பு இருக்குது டாக்டர். கருவி அஞ்சு டிகிரி கம்மில இருந்திருக்குது. இன்னிக்குக் காலைலதான் பாத்தேன். திருத்தினாலும் கம்மிதான் வருது. ஆனா தப்பு தப்புதான்.”

வசந்த் கையைத் தட்டினான். ஒரே ஒரு தட்டு. அந்த அறையில் அது அறைந்தது போலக் கேட்டது.

“கேட்டுக்கினீங்களா டாக்டர்? அவங்களே ஒத்துக்கினாங்க. மெஷினப் பாக்கத் தெரியல, எம் புள்ளைக்கு நோய்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு!”

“பொய் சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்க, இல்ல?” துர்கா அவனை நோக்கி ஓர் அடி வைத்தாள். “கும்புடு பொம்ம போட்டீங்களே, அன்னிக்கே இவன் ஒடம்புல ரத்தம் ஒடஞ்சுக்கினு இருந்துது. அந்தப் பொம்மையப் பாத்துட்டு எந் தங்கச்சி ஒரு நாள் முழுக்க வாயத் தொறக்கல!”

“ரெண்டு பேரும் வெளிய போறீங்களா?” என்றார் மருத்துவர். பிறகு துர்காவை மட்டும் நிறுத்தினார். “மேடம், வைத்தியம் நான் நிறுத்தப் போறதில்ல. ஆனா ரத்தம் ஏத்திட்டா அப்புறம் சில மாசம் இவனச் சோதிச்சுப் பிரயோஜனம் இல்ல. ஏத்தின ரத்தம் யாரோடதோ, அதத்தான் அளப்போம். உங்களுக்கே தெரியும். தாய்வழியில வேற யாருக்காவது இருக்குதுன்னு காட்டுங்க. கேஸ் ஷீட்டுல நானே எழுதறேன்.”

துர்கா வெளியே வந்தாள். “சங்கீதா, ரெண்டு மில்லி…”

“தொடாதீங்க” என்றான் வசந்த். “எம் பொண்டாட்டிகிட்டயும் எடுக்கக் கூடாது, எம் புள்ளகிட்டயும் எடுக்கக் கூடாது. டிஸ்சார்ஜ் ஆனதும் நேரா செவிலிமேட்டுக்குத் தூக்கினு போறேன். எங்கம்மா பாத்துக்குவாங்க. ஆவணி பொறந்ததும் அவங்க பட்டுல தூளி கட்டறதுக்கு எடுத்து வெச்சிருக்காங்க.”

“எங்க எடுத்து வெச்சிருக்காங்க?”

“எங்க வெப்பாங்க? பீரோலதான்.”

சொன்ன பிறகு அவன் கண்கள் ஒரு கணம் தடுமாறின. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். சங்கீதா சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் குப்புசாமியை மருத்துவமனையில் விட்டுவிட்டுத் துர்காவும் அம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். ஆட்டோவில் ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். நடுவில் அந்தப் பட்டு மடிந்து உட்கார்ந்திருந்தது, மூன்றாவது ஆள் போல.

யாருடைய ரத்தம்? துர்கா மனசுக்குள் ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டு வந்தாள். தன்னுடையதை அவள் பார்க்கவே வேண்டாம். இத்தனை வருடமாக ஆய்வகத்தில் ‘சரியான ரத்தம் இப்படி இருக்கும்’ என்று ஒப்பிட்டுப் பார்க்க அவள் கொடுப்பது தன் ரத்தத்தைத்தான். சங்கீதாவைத் தொட முடியாது. குழந்தையிடம் இனி எடுத்துப் பயனில்லை. மிச்சம் ஒரே ஆள்.

அம்சவேணி விளக்கேற்றவில்லை. ஆடி வெள்ளி. தெருவில் எல்லா வாசலிலும் விளக்கு. அவள் தறிப்பக்கம் தரையில் உட்கார்ந்து பட்டை மடிப்பு மாறாமல் மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

“விஷம்னு சொன்னியே” என்றாள். “இதே தூளிலதான் நீயும் கெடந்த. அவளும் கெடந்தா. உங்களுக்கு ஒண்ணும் ஆவலயே?”

துர்கா எதிரில் உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் அம்மா அவளிடம் கேட்கும் முதல் கேள்வி இது, அவள் வேலையைப் பற்றி.

“பொண்ணுங்களுக்கு அந்த நொதிக்கு ரெண்டு பங்கு இருக்கும்மா. ஒண்ணு கெட்டிருந்தாலும் இன்னொண்ணு காப்பாத்தும். ஆம்பளப் புள்ளைக்கு ஒண்ணுதான். அது கெட்டிருந்தா சாதாரணமா ஒண்ணும் ஆவாது. இந்த மாதிரி எதாவது மூச்சுல, தோல்ல போனாத்தான்.”

“அந்த ஒண்ணு எங்கருந்து வருது?”

துர்கா கண்ணைப் பட்டின் மேல் தாழ்த்தினாள்.

“சொல்லுடி. டாக்டர்கிட்ட அவ்ளோ பேசினியே. எங்கருந்து வருது? அப்பங்கிட்டருந்தா?”

“அம்மாகிட்டருந்து.”

“சங்கீதாவுக்கு?”

“அவளுக்கும்… மூத்தவனும் காமாலைலதான போனான். அவங்க அம்மாகிட்டருந்துதான் வந்திருக்கணும்.”

அம்சவேணியின் கை பட்டின் மேல் நின்றது.

“அப்போ பலாப்பழம் இல்ல.”

“இல்லமா. பலாப்பழம் ஒண்ணுமே பண்ணாது.”

“உங்க அப்பாவப் பெத்த மகராசி தெருவக் கூட்டிச் சொன்னா. நாக்கு ருசிக்குப் புள்ளயத் தின்னவள்னு. இத்தினி வருஷம் அத முழுங்கிக்கினு இருந்தேன். என்னிக்காவது ஒருத்தர் வந்து, உம்மேல தப்பில்ல அம்சவேணின்னு சொல்லுவாங்க, அன்னிக்கு ஒரு முழுப் பழத்த வாங்கி நடுவூட்டுல வெச்சு அறுத்துத் திங்கணும்னு வெச்சிருந்தேன்.” அவள் நிமிர்ந்தாள். கண்ணில் ஈரமில்லை, எரிச்சல்தான் இருந்தது. “நீ வந்து சொல்ற. எம் பொண்ணு. படிச்சுட்டு வந்து சொல்ற. தப்பு பழத்துல இல்லியாம். எங்கிட்டயாம். எங் கையாலயே கட்டின தூளிலயாம்.”

“தப்புன்னு நான் சொல்லலமா.”

“வேற இன்னா பேரு வெச்சிருக்கீங்க அதுக்கு, உங்க எடத்துல?”

‘குறைபாடு’ என்ற சொல் துர்காவின் நாக்குவரை வந்தது. எத்தனை கட்டுரைகளில் கூச்சமில்லாமல் எழுதிய சொல். விழுங்கினாள்.

“மூத்தவனுக்கும் இதுலதான் கட்டினேன்” என்றாள் அம்சவேணி. “அழுதான்னு ராத்திரியெல்லாம் இதுலயே போட்டு ஆட்டினேன். மூக்கு தெரியாம மூடி மூடி ஆட்டினேன். குளிருதோ இன்னாவோன்னு.”

துர்கா கையை நீட்டினாள். அம்சவேணி அதைத் தட்டிவிட்டாள். சுள்ளென்று விழுந்தது அடி.

“கிட்ட வராத. இதக் கண்டுபுடிக்கத்தான் இத்தினி வருஷம் படிச்சியா? கல்யாணம் காட்சி வேணாம்னு, சோறு தண்ணி வேணாம்னு ஓடி ஓடி, கடசில வூட்டுக்கு இதத் தூக்கினு வந்தியா? போடி.”

“மா, அங்க செவிலிமேட்டுலயும் பீரோலதான் பட்டு வெச்சிருக்காங்க. ஆவணில கட்டுவாங்க. நான் சொன்னா கேக்கமாட்டாங்க. டாக்டர் எழுதினாத்தான் கேப்பாங்க. டாக்டர் எழுதணும்னா…”

“இன்னா?”

“உங்க ரத்தம் வேணும்மா.”

அம்சவேணி எழுந்தாள். உள்ளறைக்குப் போய் பீரோவைப் படாரென்று திறந்தாள். புடவைகளுக்கு நடுவிலிருந்து பாச்சை உருண்டைகளைக் கை நிறைய அள்ளினாள். வாசலுக்கு வந்து தெருச் சாக்கடையில் ஒவ்வொன்றாக வீசினாள். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு வசவு. செத்துப்போன மாமியாருக்கு ஒன்று. மாப்பிள்ளைக்கு ஒன்று. பெற்ற பெண்ணுக்கு இரண்டு. எதிர் வீட்டில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கைப்பேசி சிணுங்கியது. சங்கீதா ஒரு படம் அனுப்பியிருந்தாள். குழந்தையின் கையில் சின்னக் குழாய். சிவப்பாக ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்திருந்தான். கீழே எழுதியிருந்தாள்: ‘பால் குடிச்சான்க்கா.’

துர்கா மூச்சு விட்டாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் ஒரு கடைப் பை. பைக்குள்ளிருந்து பச்சைக் கரை போட்ட பட்டு ஒன்று எட்டிப் பார்த்தது.

அடுத்த செய்தி வந்தது: ‘அத்தை வந்துட்டாங்க. ஆவணி வரைக்கும் வேணாம், டிஸ்சார்ஜ் அன்னிக்கு இதுலயே சுத்தித் தூக்கினு போலாம்னு சொல்றாங்க. சொல்லிப் பாத்துட்டேன். டாக்டர் எழுத்துல குடுத்தாத்தான் நம்புவாங்களாம்.’

வாசலில் வீசுகிற சத்தம் நின்றிருந்தது. உள்ளறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

துர்கா பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தாள். அடி பட்ட கை இன்னும் எரிந்தது. அந்தக் கையாலேயே எழுதினாள்.

நாளை, சனி. ஐஸ் பெட்டி வாங்க வேண்டும். முதல் பஸ்ஸில் ஆய்வகம். அளப்பதற்கு முன் வெப்பநிலையை இரண்டு முறை பார்க்க வேண்டும். அம்மாவிடம் ரத்தம் எடுக்க வேண்டும், இரண்டு மில்லி போதும். அதற்கு முன்னால் கதவைத் தட்ட வேண்டும்.